தனியாகத் தொழிலில் இறங்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. ஒரு பழைய வீட்டில் மொத்தக் குழாயையும் மாற்றும் வேலை. ராத்திரி வீடு திரும்பினால் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை, அதனால்தான் தாமதம். இங்கே எல்லோரும் நலம். எனக்கு வலது முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. இருபது வருடம் வெறுந்தரையில் மண்டியிட்டு வேலை செய்தது இப்போது தெரிகிறது. முழங்காலுக்கு உறை போடாமல் நான் இப்போது தரையில் உட்காருவதே இல்லை. நீ முதல் நாளே ஒரு ஜோடி வாங்கிவிடு.

கான்ட்ராக்டரிடம் கணக்கை முடித்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. நீ போட்ட ஜாயின்ட் ஒழுகி நான் பார்த்ததில்லை. உனக்கு வேலை தேடி வரும். வருமானம் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு மாதம் போன் ஓயாது, அடுத்த மாதம் ஒரு அழைப்புகூட இருக்காது. பொருளுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடு. விபத்துக் காப்பீடு ஒன்று கட்டாயம் எடு. கையை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தால் நமக்குச் சம்பளம் போட ஆளில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. "டேய், கரண்ட் மெயினை அணைச்சியா?" என்று நம் மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பாரே, நினைவிருக்கிறதா? நமக்கு எரிச்சலாக வரும். தனியாக வந்த பிறகு அந்தக் குரல் கிடையாது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பார். அவசரப்படுத்தத்தான் ஆள் இருக்கிறது, நிறுத்து என்று சொல்ல யாருமில்லை.

போன வருடம் ஒரு குளியலறையில் அடைப்பு. தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியை எடுத்துவிட்டு, மண்டியிட்டபடியே கொஞ்சம் ஆசிட் ஊற்றினேன். முந்தின நாள் அவர்கள் அதே ஓட்டையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புஸ்ஸென்று நுரைத்தது, மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை. குளோரின்! அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையோடு படரும். என் முகம் இருந்ததும் அங்கேதான். தொண்டையில் மிளகாய்ப் பொடியைக் கொட்டியது மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தேன். இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றோடு ஆசிட்டை விட்டுவிட்டேன். இப்போது முதல் கேள்வியே "இதில் என்னவெல்லாம் ஊற்றினீர்கள்?" என்பதுதான். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அடைப்பெடுக்கும் நீளமான ஸ்பிரிங் கம்பியை விட்டுத்தான் எடுக்கிறேன். ஸ்பிரிங் வெளியே வரும்போது அந்தத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும், கண்ணாடியை மறந்துவிடாதே.

அடுத்தது கரண்ட். நாம் தண்ணீர் வேலைக்காரர்கள்தான், ஆனால் எனக்கு அதிக பயம் கரண்டிடம்தான். பழைய வீடுகளில் எர்த் கம்பியை ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், கட்டி வைத்திருப்பார்கள். எங்காவது மின்கசிவு இருந்தால் மின்சாரம் அந்தப் பைப் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். நீ ஹேக்ஸாவால் அறுத்து, ஒரு முனையை இடது கையிலும் மறுமுனையை வலது கையிலும் பிடித்தால், விட்டுப்போன அந்த இடத்தை உன் உடம்பு நிரப்பும். மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுக் கசிவுகூட அந்த லைனில் வரலாம். பைப்பை முதலில் டெஸ்டரால் பார். அறுக்கப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, தடிமனான செம்பு ஒயரால் இணைத்துவிட்டு அப்புறம் பிளேடை வை. இன்னொன்று: அந்த ஜி.ஐ. பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கே எர்த் இல்லாமல் போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் போடச் சொல்லாமல் நான் வேலையை முடிப்பதில்லை. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேட்பேன்.

கீசரைத் திறக்கும் முன்பு சேஃப்டி வால்வைப் பார். சொட்டுகிறது என்று அதன் வாயில் பிளக் போட்டு அடைத்திருந்ததை நானே இரண்டு வீட்டில் கழற்றியிருக்கிறேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, அழுத்தம் வெளியேறவும் வழியில்லாமல் போய், தொட்டி பிளந்தால் உள்ளே 100 டிகிரிக்கு மேல் காய்ந்த தண்ணீரில் ஒரு பகுதி ஒரு நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல் ஆவியாக விரியும். குளியலறைச் சுவர் தாங்காது.

செப்டிக் டேங்க்குக்குள் இறங்கச் சொன்னால் மட்டும் யோசிக்காமல் முடியாது என்று சொல்லிவிடு. அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, பரவாயில்லை என்று நினைத்து இறங்கினவன் மேலே வருவதில்லை. அவனைத் தூக்க இறங்குகிறவனும் அங்கேயே விழுகிறான். மெஷின் வைத்து உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள் என்று சொன்னதற்காக ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தேன். கூலி போனது, அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஆறு மாதமாக ஒரு பையனைக் கூட வைத்திருக்கிறேன். கெட்டிக்காரன். பைப்பில் கை வைக்கும் முன்பு "மெயினை அணைச்சாச்சா அண்ணே?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்க வேண்டும், நான் கோபப்பட்டாலும் கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் கூச்சப்பட்டான். போன வாரம் வீட்டுக்காரர் முன்னாலேயே சத்தமாகக் கேட்டான். நான் உண்மையில் அணைக்க மறந்திருந்தேன்.

உன் முதல் வேலை எப்போது, எந்த மாதிரி வீடு என்று எழுது. பழைய ஜி.ஐ. லைனாக இருந்தால் இரண்டு நாள் வந்து உன்கூட நிற்கிறேன். கிளிப் போட்ட ஒயர் என்னிடம் இரண்டு செட் இருக்கிறது, ஒன்று உனக்கு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி