இரண்டாவது ராத்திரி: செட்டிநாட்டு லாட்ஜ்காரர்களுக்கும் வீட்டில் அறை விடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் லாட்ஜ் நடத்துகிற ஐயாமாருக்கும், சொந்த வீட்டிலேயே அறை விடுகிற ஆச்சிமாருக்கும் வணக்கம்.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம் ஊர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். அதனால் அளவான பணத்தோடு வரும் குடும்பம் காலையில் வேனில் வந்து, பிள்ளையார்பட்டியில் கும்பிட்டு, கானாடுகாத்தானில் இரண்டு வீடுகளை வாசலில் நின்று பார்த்து, ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் வார்ப்பதைப் படம் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்போதே திரும்பிவிடுகிறது. தங்குகிறவர்களும் ஒரு ராத்திரியோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், இரணியூர் என்று நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களையும் (நகரக் கோயில்கள்) பார்க்க வந்தவர்கள்கூட அப்படித்தான். நடுப்பகலில் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். ஒரே நாளில் ஒன்பதும் கைகூடாது. இரண்டாவது ராத்திரி அவர்களுக்கே தேவைப்படுகிறது. இருந்தும் தங்குவதில்லை.

அவர்களை ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஏற்றி இறக்குகிறவர்களும் கூட நடந்து ஊர் காட்டுகிறவர்களும் நாங்கள். வாடகை கூடுதல் என்று சொல்லிப் போகிறவர்களைவிட, போனில் சொன்னது ஒன்று, வந்து பார்த்தது ஒன்று என்று மனம் விட்டுப் போகிறவர்களே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. குறைந்த செலவில் வருகிறவர் அறையைக் கண்ணால் பார்க்காமலேயே முடிவு செய்கிறார். பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற அவரிடம் பணம் இருக்காது. அவருக்கு எந்த விவரம் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

முதலில் நேரம். சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் விரைவு ரயில் இங்கே வந்து சேரும்போது ராத்திரி பத்தைத் தாண்டியிருக்கும். ராமேசுவரம் போகும் ராத்திரி ரயில்கள் காரைக்குடியைத் தொடுவது நள்ளிரவை ஒட்டி அல்லது அதற்கும் மேல். திரும்பும் பல்லவன் விடியுமுன்னே புறப்பட்டுவிடும். இந்த ரயில்களில் வருகிறவருக்கு “பகல் 12 முதல் மறுநாள் பகல் 12 வரை” என்ற கணக்கு எவ்வளவு பாதகம் என்று பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு வந்து, மறுநாள் முழுக்கச் சுற்றி, அன்று ராத்திரி ரயிலிலேயே ஊர் திரும்புகிற குடும்பம் உண்மையில் அறையை வைத்திருப்பது 18 மணி நேரம் அல்லது 20 மணி நேரம். பன்னிரண்டு மணிக் கணக்கில் அது இரண்டு நாள் வாடகை. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிட்டால் ஒரே நாள். எந்த முறை என்பது உங்கள் உரிமை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் எந்த முறை என்று அட்வான்ஸ் வாங்குமுன் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மணி முறை வைத்திருப்பவர்கள், அறையைக் காலி செய்த பிறகு பையை வைக்க ஓர் இடமும், ரயிலுக்குப் போகுமுன் குளிக்க ஒரு பொதுக் குளியலறையும் கொடுத்தாலே போதும். பலர் அதற்காகவே அந்த லாட்ஜைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நள்ளிரவில் வருகிறவர்களைப் பற்றி இன்னொன்று. வாசல் ஷட்டரை இறக்கிவிட்டு வரவேற்பில் இருக்கும் தம்பி உள்ளே தூங்கிவிட்டால், கைக்குழந்தையோடு வந்தவர் தெருவில் நிற்கிறார். ராத்திரி வருகிறேன் என்று சொன்னவரிடம் எந்த எண்ணுக்கு அழைத்தால் கதவு திறக்கும் என்று கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தொகை. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,200 ரூபாய் அறைக்கு 60 ரூபாய். அதற்கு முன்பு இருந்த 12 சதவீதத்தை இன்னும் பில்லில் போடுவது தவறு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத லாட்ஜ் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, எத்தனை வயது வரை குழந்தைக்குக் காசில்லை, ஏசி போட்டால் தனியா, கார் நிறுத்தக் காசு உண்டா என்பதையெல்லாம் கூட்டி, “நான்கு பேருக்கு ஒரு ராத்திரி, எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். சின்னத் தொகை சொல்லி வரவழைத்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் முந்நூறு ரூபாய் கிடைக்கலாம். அந்தக் குடும்பம் மறுநாள் காலையிலேயே கிளம்பினால் ஒரு நாள் வாடகை முழுசாகப் போகிறது.

தூரமும் தொகையில் சேர்த்திதான். ரயிலடி, பழைய பஸ் ஸ்டாண்டு, புதிய பஸ் ஸ்டாண்டு மூன்றும் ஒன்றுக்கொன்று பெட்டியோடு நடந்து போகிற தூரத்தில் இல்லை. “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்று மொட்டையாகச் சொன்னால் வெளியூர்க்காரர் தவறான இடத்தில் இறங்குவார். எந்த பஸ் ஸ்டாண்டு, எத்தனை நிமிட நடை, ஆட்டோ என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஊருக்கு வெளியே 900 ரூபாய் அறை எடுத்தவர் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமாக நாலு தடவை 150 ரூபாய் ஆட்டோ பிடித்தால் மொத்தம் 1,500 ஆகிறது. ஊர் நடுவில் 1,300 ரூபாய் அறை எடுத்தவருக்கு 200 ரூபாய் மிச்சம். நடுவூர் லாட்ஜ்காரர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே எடுத்துச் சொல்லலாம். அரசு டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக இருந்தால், பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் திருப்பத்தூர் போகும் தடத்தில் ஒரே பக்கம், கானாடுகாத்தான் திருமயம் தடத்தில் இன்னொரு பக்கம் என்று வரவேற்பு மேசையில் ஓர் அட்டையில் எழுதி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கானாடுகாத்தானில் அறை விடுகிறவர்களுக்கு: உங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். சொந்த வண்டி இல்லாமல் வந்த குடும்பம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கும். ஓர் ஆளுக்குச் சாப்பாடு என்ன விலை, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், சைவம் தனியாக உண்டா என்பது அறை வாடகையைவிட முக்கியமாகிவிடும். பக்கத்தில் இருக்கும் செட்டிநாடு ஸ்டேஷனில் எல்லா விரைவு ரயிலும் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி அறைக்குள் வருவோம். சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே யாரும் தூங்க முடியாமல் தவிப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத அறை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரி முழுக்க அதை அறைக்குள் இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பங்குனி முடியுமுன் மாடித் தரையைத் தூசி போகக் கழுவிக் காயவிட்டு, இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தால் வித்தியாசம் அன்று ராத்திரியே தெரியும். மழையில் அது கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் ஓர் ஏசியின் விலையில் சிறு துளி. அதையும் செய்ய முடியாதவர்கள், ஏசி இல்லாத அறை கேட்பவருக்குக் கோடையில் கீழ்த்தளத்தையும் நடுத்தளத்தையும் முதலில் கொடுங்கள். மேல்தளம்தான் இருக்கிறது என்றால் அதைச் சொல்லிவிட்டு வாடகையைக் குறையுங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் எத்தனை படி என்பதும் சொல்ல வேண்டியதே. செட்டிநாட்டுக்கு வருகிற குடும்பங்களில் முக்கால்வாசியில் முழங்கால் வலியோடு ஓர் ஆத்தாளோ ஐயாவோ இருப்பார்கள்.

பழைய வீடுகள் வேறு மாதிரி. தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த வளவு (முற்றம்) எல்லாம் சூட்டைத் தணிக்கத்தான். ஆனால் வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் பெரும்பாலும் படுத்து உறங்கக் கட்டியவை அல்ல. புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும்) ஓர் அறை என்று சாமான் செட்டு வைக்கக் கொடுத்தவை. ஒரே கதவு, சிறிய சன்னல் அல்லது சன்னலே இல்லை. ஆட்கள் பெரும்பாலும் படுத்தது பட்டாலை என்ற உயர்ந்த திண்ணையிலும் மாடிக் கூடத்திலும். ஆகவே அந்த அறையைத் தங்க விடும்போது காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று கட்டாயம் வேண்டும். ஏசி பொருத்துகிறவர்கள் தரையின் நீள அகலத்தை மட்டும் பார்த்து ஒரு டன் போதும் என்பார்கள். கூரை 14 அடி உயரத்தில் இருந்தால் குளிரவைக்க வேண்டிய காற்று, 10 அடி அறையைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதனால்தான் உங்கள் ஏசி ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

குளியலறை அறையோடு சேர்ந்ததா, பின்கட்டுக்கு நடக்க வேண்டுமா என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் வீட்டு அறைகளில் நாங்கள் காணும் பெரிய குறை. நடக்க வேண்டியிருப்பதைச் சொல்லிவிட்டால் வயதானவர்கள் இல்லாத குடும்பங்கள் மகிழ்ச்சியாகவே வரும். வழியில் நிலைப்படி உயரம், வாசல் தாழ்வு, மழை விழுந்த வளவில் வழுக்கும். ஆகவே இரவு முழுதும் எரியும் ஒரு சிறு விளக்கு தேவை. தரை ஆத்தங்குடிக் கல் என்றால் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். அது சிமெண்டால் வார்த்த கல், ஆசிட் மேல்பரப்பை அரித்துவிடும். பார்க்க வருகிறவர்கள் அந்தப் பளபளப்பைத்தான் பார்க்க வருகிறார்கள்.

வெந்நீரைப் பற்றித் துல்லியமாகச் சொல்ல முடியும். 15 லிட்டர் கீசர் ஒரு தடவை சூடானால், பச்சைத் தண்ணீர் கலந்து இரண்டு வாளிக்குத் தாராளமாக வரும். அதோடு சரி. அடுத்த வாளிக்குக் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். நான்கு பேர் காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்துக்கு முன்னே சுவிட்சைப் போடும்படி சொல்லுங்கள். சோலார் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெதுவெதுப்புக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் போட்டுக் கொடுங்கள். மின்தடையில் இன்வர்ட்டரில் எது ஓடும், எது ஓடாது என்பதும் இதே வகைதான். விசிறியும் விளக்கும் உண்டு, ஏசியும் கீசரும் இல்லை என்றால் அதை அப்படியே சொல்லலாம்.

சத்தத்துக்கும் மருந்து முன்கூட்டிச் சொல்வதே. பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளுக்கு முந்திய ராத்திரி யாரும் சீக்கிரம் தூங்க முடியாது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே எழுப்பிவிடும். சிலர் அதைக் கேட்கவே வருகிறார்கள், கைக்குழந்தைக்காரர்கள் அப்படி இல்லை. பின்பக்க அறை இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.

அடையாள அட்டை விஷயத்தில் ஆதாரை மட்டுமே கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். வாக்காளர் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் போதும். ஆதார் கொடுப்பவர் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்கள் நம் பேச்சு பேசினாலும் கையில் வைத்திருப்பது வெளிநாட்டு பாஸ்போர்ட். அவர்கள் தங்கிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்வது உங்கள் கடமை. அதற்கான பதிவு உங்களிடம் இல்லையென்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், பெட்டியோடு வாசலில் நின்ற பிறகு அல்ல. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தேர்வெழுதவும் ஆய்வு வேலைக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவிகளை அது அலைக்கழிக்கிறது.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள், பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி விழா, பழனிப் பாதயாத்திரைக்குக் குன்றக்குடியில் ஆட்கள் கூடும் நாட்கள், பல்கலைக்கழகத் தேர்வுகள், இவற்றில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறும். ஏறுவது இயல்பு. முன்பதிவு செய்தவரின் அறையைக் கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு அவரை வேறெங்கோ தள்ளுவது மட்டும் கூடாது.

போனில் விசாரிப்பவருக்கு இனி வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போகட்டும்:

“நான்கு பேருக்கு ஒரு ராத்திரி, வரியோடு இவ்வளவு. நேரக் கணக்கு 24 மணி நேரம் (அல்லது பகல் 12). அறை இரண்டாம் மாடி, 38 படி, லிஃப்ட் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட், அறையோடு சேர்ந்தது. வெந்நீர் காலை 5 முதல் 9. மின்தடையில் விசிறி, விளக்கு ஓடும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து 6 நிமிட நடை. ராத்திரி வந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும். அட்வான்ஸ் இவ்வளவு, இரண்டு நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுதும் திரும்பும்.”

கூடவே நான்கு படங்கள்: கட்டில், சன்னல், குளியலறை, தெருவிலிருந்து வாசல். அந்த மாதமே எடுத்ததாக இருக்கட்டும், திறப்புவிழா அன்று எடுத்தது வேண்டாம்.

இந்த விவரத்தை உங்கள் இடத்துக்கேற்ப மாற்றி எங்களிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ராத்திரி ரயிலில் இறங்கி “நல்ல ரூம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்பவரிடம் கமிஷன் எதுவும் வாங்காமல் அதை அப்படியே படித்துக் காட்டுகிறோம். எந்த லாட்ஜ் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடியில் வண்டி ஓட்டுகிறவர்களும் ஊர் காட்டுகிறவர்களும்