கஞ்சாச் சொக்லேற் கட்டியின் மேலும் அந்தச் சிவப்பு அடையாளம் வேண்டும்

ஹெல்த் கனடாவின் கஞ்சா ஒழுங்குமுறைப் பிரிவினருக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற கஞ்சாத் தின்பண்டத் தொழிற்சாலை ஒன்றில் சொக்லேற் வார்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். வீடு ஸ்காபரோவில். அம்மாவும் 22 வயது மகனும் கூட இருக்கிறார்கள்.

போன மார்கழியில், மகன் கடையில் சட்டப்படி வாங்கிய கஞ்சாச் சொக்லேற் பக்கற்றைப் பிரித்து, இரண்டு கட்டிகளைப் பிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டில் போட்டுவிட்டான். ஒரு கட்டியில் 5 மில்லிகிராம் ரி.எச்.சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள். பின்னேரம் நாலு மணிக்கு அம்மா இரண்டையும் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டா. ஐந்து மணிவரை ஒன்றுமில்லை. ஆறு மணிக்குக் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. "நெஞ்சு படபடக்குது, சுவர் ஆடுது பிள்ளை" என்றா. பக்கவாதம் என்று பயந்து 911ஐ அழைத்தோம். மகன் அழுதுகொண்டு விசயத்தைச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரியில் காரணம் தெரிந்தது. அம்மாவுக்கு 78 வயது. விடியும்வரை அவவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

தவறு எங்கள் வீட்டில் நடந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உங்களிடம் கேட்க இரண்டு விசயங்கள் இருக்கின்றன.

ஒரு பக்கற்றுக்கு 10 மில்லிகிராம் ரி.எச்.சி என்ற எல்லையை உயர்த்தாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 100 வரை விடுகிறார்கள், இங்கேயும் விடுங்கள் என்று எங்கள் தொழிலில் பலர் கேட்கிறார்கள். எல்லையை மாற்றுவது பற்றி யோசிக்கும்படி 2023இல் கனடாவின் போட்டிப் பணியகமும் (வியாபாரப் போட்டியைக் கவனிக்கும் அரச அமைப்பு) சொன்னது. கள்ளச் சந்தையில் ஒரே பக்கற்றில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கிடைப்பதால் வாடிக்கையாளர் அங்கே போகிறார் என்ற கவலை உண்மையானதுதான். வேலை நேரம் குறைந்த வாரங்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் தின்றது ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். பக்கற்றில் 100 இருந்திருந்தால், ஐந்து மணிக்கு ஒன்றும் தெரியாத அம்மா இன்னும் இரண்டு மூன்று கட்டி எடுத்திருப்பா. 2024 பங்குனியில், கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு இந்த எல்லை அப்படியே இருக்கட்டும் என்றது. அதில் உறுதியாக நில்லுங்கள்.

இரண்டாவது விசயம்தான் எனக்குப் பெரியது. கஞ்சாத் தின்பண்டமும் சாதாரண உணவும் ஒரே கட்டடத்தில் தயாரிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்கள். கலந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் வீட்டில் இரண்டும் ஒரே பிரிட்ஜில்தானே கிடக்கின்றன! சிவப்பு எண்கோணத்தில் இலை, மஞ்சள் பெட்டியில் எச்சரிக்கை, குழந்தைகள் திறக்க முடியாத மூடி, எல்லாம் உறையில் இருக்கின்றன. உறை குப்பைக்குள் போனதும் அது வெறும் சொக்லேற். கொலராடோ 2016 ஐப்பசியிலிருந்து அடையாளத்தைத் தின்பண்டத்தின் மேலேயே பதிக்கச் சொல்கிறது. அடுத்த ஆண்டு மிருகம், பழம் போன்ற வடிவங்களில் கம்மி (gummy) என்ற மெல்லும் மிட்டாய் செய்வதையும் தடுத்துவிட்டது.

எங்கள் அச்சில் இப்போது கட்டம் பிரிக்கும் கோடு மட்டும்தான் உண்டு. அதே அச்சில் இந்த அடையாளத்தையும் வெட்டலாம். கம்மியும் அச்சில் வார்ப்பதுதான்.

அம்மாவுக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ வாசிக்கத் தெரியாது. பழைய பக்கற் ஒன்றைக் காட்டி, அந்த இலையையும் எண்கோணத்தையும் அவவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைக் கண்டால் இனித் தொடமாட்டா. கட்டியிலும் அது இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
சொக்லேற் வார்க்கும் தொழிலாளி ஒருவர்,
ஸ்காபரோ