ஏரி நிரம்பியது சரி, கரையைப் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் தங்கள் வேலூர்ப் பதிப்பில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. இத்தனை ஏரிகள் நிரம்பின, இத்தனை ஏரிகள் பாதிக்கு மேல், கோடி போகும், அதாவது ஏரி நிரம்பி வழியும், தண்ணீருக்குக் கற்பூரம் காட்டி, கிடா வெட்டி மக்கள் கொண்டாட்டம் என்று. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நானும் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவன். ஏரி நிறைந்தால்தான் என் கிணற்றிலும் தண்ணீர். ஆனால் அந்தச் செய்திகளில் கரையைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. அத்தனை தண்ணீரையும் தாங்கி நிற்பது வெறும் மண் அணை. அதற்கு அந்தப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஊர் இருக்கிறது.

பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 519 ஏரிகள். இன்றைய கணக்கில் வேலூருக்கு 101, ராணிப்பேட்டைக்கு 369, திருப்பத்தூருக்கு 49. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அவை தனி. மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம் ஏரிகள் பல்லவர் காலத்தவை என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம். ஆயிரம் வருடம் ஒரு மண் கரை நின்றதென்றால், ஆயிரம் மழைக்காலம் யாரோ அதன்மேல் நடந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பழைய மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தில் பாலாற்றின் மேல்பகுதியில் இருந்த ஏரிகள் உடைந்து, அந்தத் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் செத்தார்கள். அதற்கான நினைவுத் தூண் அந்த ஊரில் இருக்கிறது. உடைந்தது வேறு ராஜ்யத்து ஏரி, செத்தது நம் ஜனங்கள். ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு வரத்து என்று சங்கிலியாகக் கட்டி வைத்த ஊர்கள் நம்முடையவை. மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரவு. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்காது, அதற்கும் கீழே உள்ளதும் தாங்காது.

2021 நவம்பர் 19-ஐ நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலாற்று அணைக்கட்டில் லட்சம் கனஅடிக்கு மேல் போனது. பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யா ஆற்றில் வந்த வெள்ளம் குடியாத்தத்தில் கரையோர வீடுகளுக்குள் போனது. அதே நாள் காலையில் கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண் கரையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆற்றோரக் கிராமங்களில் பலர் மாண்டார்கள். அணையின் ஐந்து மதகுகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. இரண்டு மூன்று நாள் கழித்து, நமக்கு இன்னும் பக்கத்தில், திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டது. கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு மண்மூட்டை போட்டு அடைத்தார்கள். ஏரி நின்றது. அதே மழை, அதே மாதிரி மண் கரை. இங்கே கசிவு ஆரம்பத்திலேயே ஒருவர் கண்ணில் பட்டது.

மண் கரை உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, தண்ணீர் கரைமேல் ஏறி வழிவது. உபரி வழிவதற்கென்றே கல் கட்டிய கலங்கல் தாங்கும், மண் தாங்காது. பின்சரிவை அரித்து, கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்துவிடும். கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் ஏறும். அந்தத் தாழ்வை உண்டாக்குவது மழை இல்லை. வண்டல் அடிக்கிறோம் என்று டிராக்டர் இறங்க வெட்டிய வழி, டிப்பர் ஏறி இறங்கிப் பள்ளமான இடம், எவரோ வீட்டு மனைக்கு அள்ளிப்போன மண். போதாததற்கு, கலங்கல் மேலேயே மண்மூட்டை அடுக்கி இன்னும் ஒரு அடி தேக்குகிறார்கள் விவசாயிகள். மீன் ஓடிவிடும் என்று குத்தகைக்காரர் வலை கட்டுகிறார்; அதில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்கிறது. வெள்ளம் வரும்போது கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சம் இருக்க வேண்டிய உயரத்தைத்தான் இப்படித் தின்கிறோம். இதைச் சொன்னால் என் பங்காளிகளே என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

இரண்டாவது காரணம் கசிவு. கரை கசியாத ஏரி கிடையாது, கசிவைக் கண்டதும் அலற வேண்டியதும் இல்லை. எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்ட நீர்க்கட்டி, காலமாகிப் பல வருடம் ஆகிறது, மழைக்காலத்தில் கரையின் பின்னடியில் ஒரு சொம்போடு நடப்பார். ஊற்று கண்ட இடத்தில் சொம்பில் பிடித்து வைத்துக்கொண்டு பீடி பற்ற வைப்பார். பீடி முடியும்போது சொம்பைப் பார்ப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் எழுந்து போய்விடுவார். அடியில் மண் தங்கியிருந்தால் அன்றைக்கு ஊரே கரைமேல். தண்ணீர் மண்ணோடு கலங்கி வருகிறதென்றால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அந்த ஓட்டையை நேராக அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் இன்னொரு வழியில் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டையைச் சுற்றிக் கிணற்று வரம்பு மாதிரி மண்மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை உயரவிட வேண்டும். உயர உயர வேகம் அடங்கும். மணலும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் போகும், மண் போகாது. பொறியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

நண்டு வளை, எலி வளை, பழைய மதகுச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விட்டுப்போன இடைவெளி, வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்ட சீமைக் கருவேலம் மக்கிப்போன பாதை, இவையெல்லாம் கசிவுக்கு வழி. ஜேசிபி வைத்துக் கரையடியிலேயே ஆழமாகத் தோண்டி மண் எடுப்பது அதைவிட மோசம். காலடியைப் பறித்தால் கரை எப்படி நிற்கும்? இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. நூறு நாள் வேலையில் கரைமேல் புல்லை வேரோடு செதுக்கி வழுவழுப்பாக்கி விடுகிறார்கள். சுத்தமாகத் தெரிகிறது, போட்டோவுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் மழை அடிக்கும்போது மண்ணைப் பிடித்து வைப்பது அந்தப் புல்தான். முள்ளையும் புதரையும் எடுங்கள், புல்லை விடுங்கள் என்று மேற்பார்வையாளருக்கு யாராவது சொன்னால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1858-இல் வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்துக்கு ஒரு கட்டாய வேலைச் சட்டம் போட்டான். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்பது அதில் முக்கியம். பாலாற்று அணைக்கட்டு எழுந்ததும் அதே காலத்தில்தான். அந்தக் கட்டாயம் யார் முதுகில் விழுந்தது என்பது நமக்குத் தெரியும். அது திரும்பி வர வேண்டாம். ஆனால் கரைக்கு ஆபத்து என்றால் யார் எழுந்து போக வேண்டும் என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரு பதில் இருந்தது. இன்றைக்கு? 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கும்தான். நம் ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தையே எட்டாது. எங்கள் ஏரியில் ஊற்று கண்டபோது ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தோம். இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே கேட்டால் மூட்டை இருக்கிறதாம், மணல் இல்லையாம்.

2017-இல் குடிமராமத்து, அதாவது ஊராரே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் பழைய முறை, என்று பெயர் சூட்டி அரசு வேலை தொடங்கியபோது நான் நம்பினேன். தூர் வாரியது நல்லதுதான். ஆனால் வேலை ஒப்பந்தத்தோடு முடிந்துவிட்டது. மழை பெய்யும் ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு நடப்பது எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஏரிக்கு இரண்டு மூன்று பேர், கூலியோடு, புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை கரைக் காவல். கரைமேலேயே மேடான ஓரிடத்தில் மணலும் காலிச் சாக்கும் தார்ப்பாயும். கலங்கலில் வலைக்கும் மூட்டைக்கும் தடை. மீறினால் மீன் குத்தகை ரத்து. மேல் ஏரிக்காரரின் போன் நம்பர் கீழ் ஏரி ஊரில், பஞ்சாயத்துச் சுவரில் பெயிண்டில். ஆந்திரப் பக்கம் இருக்கும் ஏரிகளுக்கும் இது பொருந்தும். பொன்னையாற்றிலும் கௌண்டன்யாவிலும் வரும் தண்ணீர் எல்லையில் நின்று கேட்டுவிட்டு வருவதில்லை.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. அன்றைக்குப் படிக்கும் தீர்மானங்களில் ஏரிக்கரைக் காவலும் ஒன்றாக இருக்கட்டும். காவலர் பெயரும், அவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து என்பதும் அதிலேயே எழுதப்படட்டும். எங்கள் ஊரில் இந்தத் தீர்மானத்தை நான் கொடுக்கப்போகிறேன். மற்ற ஊர்களில் எத்தனை பேர் கொடுத்தார்கள், எத்தனை நிறைவேறியது என்று தங்கள் நிருபர்கள் ஒரு வட்டத்திலாவது விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.