கோமதிக்கு, கடலோர வீட்டைப் பற்றி

கத்ர் போர்ன்,
மொரீசியஸ்

அன்புள்ள கோமதி,

ராஜி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? உன் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணனுக்கு இங்கே எபேனில் வேலை உறுதியாகி, பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டும் வந்து, டிக்கெட் பார்க்கும் அளவுக்குப் போய்விட்டதாம். நீ வாயே திறக்கவில்லை. பச்சைக் குடை விஷயத்திலும் இப்படித்தானே செய்தாய்! சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். என் மகள் யாழினி ஐந்தாம் வகுப்பு, உயரத்தில் என்னைப் பிடித்துவிட்டாள். இவருக்கு அதே முதுகுவலி. ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புரோக்கர் உனக்கு அனுப்பிய படங்களை ராஜி எனக்கும் அனுப்பினாள். ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் இரண்டாவது மாடி, பால்கனியில் நின்றால் கடல், கீழே நீச்சல் குளம். இந்த வாரமே முன்பணம் கட்டப் போகிறாய் என்றும் சொன்னாள். ஏட்டி, கட்டாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அண்ணனிடமும் படிக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் முடிவு செய்.

அந்தக் கடற்கரை அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போவோம். சவுக்கு மரத்தடியில் பாயை விரித்து, பிரியாணிச் சட்டியைத் திறந்து, பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டால் சாயங்காலம்தான் வீடு. பவளப்பாறை அலையை வெளியிலேயே தடுத்துவிடுவதால் உள்ளே குளம் போலக் கிடக்கும். உன் கதிர் வயசுக் குழந்தைகளெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து விளையாடும். கடற்கரை பொது இடம், யாரும் போகலாம், காசு கிடையாது. அதற்காக அங்கேயே வாடகை கொடுத்துக் குடியிருக்க வேண்டியதில்லை.

அண்ணன் காலையில் காரை எடுத்தால் கரும்புக் காட்டு வழியாக மேட்டுக்கு ஏறி, எங்கள் கத்ர் போர்ன் நெரிசலில் மாட்டி, அதற்குப் பிறகுதான் எபேன். சாயங்காலமும் இதே பாடு. நடுவில் இருக்கிற பகல் முழுக்க உனக்குக் கார் இல்லை. உன் மகள் நிலாவைப் பள்ளியில் விட வேனைத்தான் நம்ப வேண்டும். கதிருக்குக் காய்ச்சல் என்றால் டாக்ஸி தேட வேண்டும். பக்கத்து வீட்டில் போன வாரம் ஒரு பிரெஞ்சுக் குடும்பம், இந்த வாரம் ஒரு ஜெர்மன் குடும்பம். எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவார்கள்.

இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், குடும்பத்தோடு வடக்குக் கடற்கரையில் வீடு எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான், பிள்ளையும் கதிர் மாதிரிதான். முதல் மாதம் தினமும் படம் போட்டாள். நான் ஒரு மதியம் பார்க்கப் போனேன். வீடு பளபளவென்று இருந்தது. பையன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். அவர் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் ஏதோ பதில் சொன்னார். இவன் மறுபடி தமிழில் கேட்டான். “காலையிலிருந்து இவன் பேசறதுக்கு அவர் ஒருத்தர்தான் இருக்காரு அக்கா” என்றாள் அவள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. வருஷம் திரும்புவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இங்கே தனியாக இருக்கிறார். உன்னை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பால்கனிதான் ஞாபகம் வருகிறது. நம் ஊர் ஹைகிரவுண்டில் தெரு முழுக்கப் பேசாமல் ஒரு நாள் கூட உன்னால் இருக்க முடியாது, கோமதி. உன்னை உனக்குத் தெரிவதை விட எனக்கு நன்றாகத் தெரியும்.

பணக்கணக்கையும் சொல்கிறேன், அண்ணனுக்குக் கணக்குத்தானே பிடிக்கும். வாடகையை மட்டும் வைத்து ஓர் இடம் மலிவா இல்லையா என்று பார்க்கக் கூடாது. இங்கே கார் விலை அதிகம். ஜப்பானிலிருந்து வருகிற பழைய காரே நம் ஊர்ப் புதுக் கார் விலையைத் தொடும். கடலோரத்தில் இருந்தால் இன்றோ நாளையோ இரண்டாவது கார் வாங்கத்தான் வேண்டியிருக்கும். மெட்ரோ பக்கத்தில் இருந்தால் ஒரு கார் போதும், சில குடும்பங்களுக்கு அதுவும் வேண்டாம். 1956-ல் இந்தத் தீவில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பஸ்தான். 2020 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது, அப்புறம் எங்கள் ஊர், 2022-ல் க்யூர்பிப். 2023-ல் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெடுவி வரை ஒரு கிளை போட்டார்கள். அண்ணன் ஆபீஸ் அந்தக் கிளையில்தான் இருக்கிறது! ரோஸ் ஹில், போ பாசாங், கத்ர் போர்ன், இந்த மூன்றில் எங்கே வீடு எடுத்தாலும் அவர் ரயிலில் போய்விடலாம், கார் உன் கையில் இருக்கும். வாடகையும் கடல் தெரிகிற வீட்டை விடக் குறைவு.

மற்ற ஊர்களைப் பற்றியும் நீ கேட்பாய். போர்ட் லூயி வேண்டாம். வெயில் ஒரு பக்கம், மழைத் தண்ணீர் மறு பக்கம். 2013 மார்ச் 30 அன்று கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் நகர நடுவிலேயே பதினோரு பேர் செத்துப் போனார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தெருவில் கார்கள் மிதந்தன. மோக்கா பக்கம் புதிது புதிதாகக் கட்டுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி. க்யூர்பிப் கிட்டத்தட்ட 550 மீட்டர் உயரம். வாடகை குறைவாகத் தெரியும், வீடும் பெரிதாகக் கிடைக்கும். ஆனால் மழை விடவே விடாது, அலமாரிக்குள் பூஞ்சை பூக்கும். கதிருக்கு வீசிங் இருக்கிறதல்லவா? அந்த ஊரை நினைக்கவே நினைக்காதே. வக்குவா அதை விடப் பரவாயில்லை, ஈரம் அங்கேயும் உண்டு.

கத்ர் போர்ன் எனக்கு ஏன் பிடித்திருக்கிறது தெரியுமா? காலை எட்டு மணிக்கு வாசலில் இறங்கினால் மதியத்துக்குள் எல்லா வேலையையும் நடந்தே முடித்துவிடலாம். புதன், சனி காய்கறிச் சந்தை. முருங்கைக்கீரை கட்டுக் கட்டாக இருக்கும், நம் ஊர் போலவே பேரம் பேசலாம். வியாழன், ஞாயிறு அதே இடத்தில் துணிக்கடைகள். பிள்ளைகள் வளர்கிற வேகத்துக்கு அங்கேதான் வாங்க வேண்டும். கண்டோஸில் விக்டோரியா அரசு மருத்துவமனை இருக்கிறது. கோர் த கார்த் மலையடியில் முருகன் கோவில், தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை. காவடி மலையேறுவதைப் பார்த்தால் உன் மாமியார் திரும்பிப் போகவே மாட்டார், ஜாக்கிரதை. ரோஸ் ஹில்லில் ஸ்டான்லி திரௌபதி அம்மன் கோவிலில் தீமிதி நடக்கும்.

பள்ளிக்கூடம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம், இதை நிதானமாகப் படி. அரசு ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்புக்கு, குடியிருக்கும் முகவரியை வைத்துத்தான் இடம். எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதனால் முதலில் பள்ளியைப் பார், அப்புறம் அதன் எல்லைக்குள் வீட்டைத் தேடு. இங்கே எல்லாரும் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். கல்வி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கும், ஜூனில் இல்லை. நீங்கள் ஆகஸ்டில் வந்தால் நிலா வருஷத்தின் கடைசிப் பகுதியில் போய்ச் சேர வேண்டியிருக்கும். எந்த வகுப்பு, இடம் உண்டா என்பதை அண்ணன் கம்பெனி வழியாக இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். தனியார் பள்ளிதான் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால் மோக்காவில் இரண்டு மூன்று இருக்கின்றன. கட்டணத்தைக் கம்பெனி கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பேசட்டும். நம் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டினால் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

மொழியைப் பற்றி நீ பயப்படுவாய். பாடம் இங்கிலீஷில், டீச்சர் விளக்குவது பாதி பிரெஞ்சு, பாதி கிரியோல், விளையாட்டு முழுக்க கிரியோல். யாழினி முதலில் மிரண்டாள். அப்புறம் எனக்கே கிரியோலில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வயசுக் குழந்தைக்கு அது பாரமே இல்லை. ஒன்று கேள், அரசுப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம்! இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி மாதிரி தமிழையும் எடுத்துப் படிக்கலாம். யாழினி வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. நாலைந்து தலைமுறைக்கு முன் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள். அந்தச் சின்ன வாய்கள் ‘ழ’வை வரவழைக்கப் பாடுபட்டு, வந்ததும் சிரிப்பதைப் பள்ளி விழாவில் பார்த்தேன். தொண்டை அடைத்துவிட்டது.

எங்கள் கீழ் வீட்டுப் பாட்டியை நீ பார்க்க வேண்டும். இங்கே ஒரு பழக்கம், மகனுக்காக மேலே ஒரு மாடி கட்டுவார்கள், மகன் வெளிநாடு போனதும் அதை வாடகைக்கு விடுவார்கள். அப்படித்தான் எங்களுக்கு இந்த மாடி கிடைத்தது. பாட்டிக்குத் தேவாரம் முழுக்க மனப்பாடம், ஆனால் தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. நான் ஜுரத்தில் படுத்தபோது படியேறி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ரசம் வைத்த பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, யாழினிக்குத் தலை வாரி அனுப்பினார். புரட்டாசி சனிக்கிழமை வாழையிலையில் ஏழு கறியோடு கீழேதான் எங்களுக்குச் சாப்பாடு. எந்த புரோக்கர் படத்திலும் இது வராது, கோமதி. அதனால்தான் சொல்கிறேன், குடும்பம் குடியிருக்கிற வீட்டின் மேல்மாடியைத் தேடு. தனி அபார்ட்மெண்ட் வேண்டாம்.

வீடு பார்க்கும்போது இவற்றைக் கேள். கூரையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா? அக்டோபர், நவம்பரில் குழாயில் மணிக்கணக்கு வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். தொட்டி இல்லாத வீட்டில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பாடுபட முடியாது. படுக்கையறை ஜன்னல் வடக்குப் பக்கம் இருந்தால் நல்லது. நாம் பூமியின் தென்பாதிக்கு வந்துவிட்டோம், ஜூன் ஜூலைக் குளிரில் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். மழையைக் கொண்டுவரும் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கச் சுவரைத் தடவிப் பார், ஈரமா என்று தெரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஓடையோ கால்வாயோ இருந்தால், போன பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதே, எதிர்க்கடைக்காரரிடம் கேள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை ஏறும். மூன்று போட்டுவிட்டால் யாரும் வெளியே போகக்கூடாது. கான்கிரீட் வீடு, நல்ல ஜன்னல், வீட்டில் மெழுகுவத்தி, பிஸ்கட், தண்ணீர், இவை இருந்தால் பயமில்லை. பிள்ளைகள் சீட்டு விளையாடித் தூங்கிவிடுவார்கள்.

முன்பணம் பொதுவாக ஒரு மாத வாடகை, புரோக்கருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பார்க்காத வீட்டுக்கு ஊரிலிருந்து பணம் அனுப்புவதைப் போல ஒரு மடத்தனம் வேண்டாம். நேராக எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முன்னறை காலியாக இருக்கிறது. நீயும் நானும் பிள்ளைகளோடு தெருத் தெருவாக நடப்போம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு விடும் நேரம் ஒரு தடவை, மழை பெய்யும்போது ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை. எந்த வாசலில் நிலா கையை விட்டுவிட்டு ஓடுகிறாளோ அந்தத் தெருவில் எடுக்கலாம். அண்ணன் கூச்சப்படுவார், நம் கல்யாணங்களுக்கு வேம்பு சார் வீட்டு மாடியில் எத்தனை பேர் படுத்தோம் என்று கேள்.

வெள்ளிக்கிழமைக்குள் புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நிலாவின் மதிப்பெண் அட்டை எல்லாம் மூலப் பிரதியாகவே கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. கிரைண்டரைக் கொண்டு வா. கரண்ட் நம் ஊர் அளவுதான், பிளக்தான் வேறு, அதை நான் மாற்றித் தருகிறேன். உளுந்து இங்கே கிடைக்கும், சுமக்க வேண்டாம். கதிரின் இன்ஹேலர் மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொள், டாக்டர் சீட்டோடு.

ராஜிக்கு என் திட்டு தனியாக வருகிறது என்று சொல்.

அன்புடன்,
சாந்தி