மிச்சமான இரண்டு ஸ்குரூ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், உன் தோளில் உட்கார்ந்து என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்த குட்டி அல்லவா அவள்! எனக்கு முழங்கால் வலியைத் தவிர பெரிய குறை ஒன்றும் இல்லை. அதை விடு. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, லேப்டாப் ஃபேன் கத்துகிறது, ஞாயிற்றுக்கிழமை நானே திறந்து சுத்தம் செய்யப் போகிறேன் என்று, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். போன மாதம் நானும் அதைத்தான் செய்தேன்.

திறந்தது, தூசி எடுத்தது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டை மேலே இருக்கும் தகட்டுக்குக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாக வைத்தது எல்லாம் ஒரு மணி நேர வேலை. மூடிவிட்டுப் பார்த்தால் மேஜையில் இரண்டு ஸ்குரூ மிச்சம். பத்து ஸ்குரூவில் இரண்டு இல்லாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பவர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றவில்லை, திரையில் ஒன்றும் வரவில்லை. சார்ஜரைச் செருகினால் அந்தச் சின்ன லைட் மட்டும் எரிகிறது. மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் சேரும் அந்த முக்கியப் பலகை, போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, ராத்திரி இரண்டு மணி வரை புது லேப்டாப் தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்த மெஷின் நான் கைவைத்த பிறகு நின்றிருக்கிறது, சந்தேகம் என் கைமேல் அல்லவா போயிருக்க வேண்டும்?

மறுநாள் மறுபடி திறந்தபோதுதான் அந்த மிச்ச ஸ்குரூவைக் கவனித்தேன். பின்பக்கம், திரையின் கீல் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை காலி. கையில் இருந்ததோ குட்டை ஸ்குரூ, அந்த ஓட்டைக்கு நெட்டைதான் போக வேண்டும். அப்படியென்றால் நெட்டை இரண்டும் எங்கே? முன்பக்கம், டச்பேட் ஓரத்தில், குட்டை போக வேண்டிய இடத்தில் நானே பலம் போட்டு முறுக்கியிருக்கிறேன். நல்லவேளை, கீழே பிளாஸ்டிக்தான் இருந்தது. அதே ஸ்குரூ போர்டு மேல் இறங்கியிருந்தால் உள்ளே அடுக்கடுக்காக ஓடும் மின்தடங்களை அறுத்திருக்கும், அதைச் சரிசெய்வது லேசான காரியம் இல்லை. அதனால் நீ ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்துகொண்டு, கழற்றும் ஒவ்வொரு ஸ்குரூவையும் அதே இடத்தில் குத்தி வை.

சரி, ஆன் ஆகாததற்குக் காரணம் அது இல்லை. என் லேப்டாப்பில் பவர் பட்டன் கீபோர்டோடு சேர்ந்தது, அது போர்டுக்கு வருவது ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் வழியாக. அந்தக் கனெக்டரில் நகக்கண் அளவுக்கு ஒரு மடக்கு இருக்கும், அதைத் தூக்கி, ரிப்பனை நேராக உள்ளே விட்டு, மறுபடி மடக்க வேண்டும். நான் கோணலாக விட்டு மடக்கியிருக்கிறேன். பட்டனை அமுக்கினால் போர்டுக்குச் சேதியே போகவில்லை! பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு ரிப்பனை எடுத்து நேராக வைத்தேன், உயிர் வந்துவிட்டது. (பேட்டரியைக் கழற்றாமல் உள்ளே எதையும் தொடாதே, குறிப்பாகத் திரைக்குப் போகும் கேபிளை. அப்புறம், பேட்டரியை மாட்டிய பிறகு சில மாடல்கள் சார்ஜரைச் செருகினால்தான் எழுந்திருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே.)

சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. அடிப்பக்கம் கொதித்தது, தானாக அணைந்தது. ஃபேன் சுற்றுகிறது, பேஸ்ட் புதுசு, பிறகென்ன? ஹீட் சிங்க்கை (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோகத் தகடு) தூக்கிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது, மறுபக்கம் வைத்தது வைத்தபடி. ஒரு ஓர ஸ்குரூவை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன், தகடு சாய்ந்துவிட்டது. அதன் மேலேயே 1, 2, 3, 4 என்று வரிசை அச்சடித்திருக்கிறார்கள், தூசி துடைத்த எனக்கு அது கண்ணில் படவில்லை. பழையதைத் துடைத்து, மறுபடி பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இப்போது சத்தமே இல்லை.

உனக்குத் திரை மட்டும் கருப்பாக இருந்து ஃபேன் சுற்றினால், டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார். மங்கலாகப் படம் தெரிந்தால் கோளாறு திரையின் பின்விளக்குப் பக்கம். ஒன்றுமே தெரியாவிட்டால் முதலில் ரேமை (போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டை) கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டு.

டச்பேட் ஓரத்தில் அந்த நெட்டை ஸ்குரூ முட்டிய இடம் இன்னும் மேடாக இருக்கிறது, இதை டைப் செய்யும்போதுகூட உள்ளங்கையில் உறுத்துகிறது. ஞாயிறு காலை அடிமூடியைத் தூக்கியதும், எந்தக் கேபிளையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எல்லாவற்றையும் கழற்றியபின் போன் செய்தால் திட்டுவேன்.

அன்புடன்,
மணி