வண்டிக்குப் பூஜை, ரோட்டில் பூசணி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுத பூஜையன்று வேலூர் ஆட்டோ ஸ்டாண்டுகளில் ஸ்பீக்கர் கட்டி சினிமா பக்திப் பாட்டு போடுவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சோறு போடும் வண்டியைக் கும்பிடுவதும் பக்திதான். பாட்டு எங்கிருந்து வந்தால் என்ன? கோளாறு திருஷ்டிப் பூசணியில்தான். துளையிட்டு, குங்குமமும் சில்லறையும் போட்டு, நடுரோட்டில் உடைக்கிறார்கள். சதையும் விதையும் வழவழப்பானவை. டயருக்கடியில் சிக்கினால் பிடிப்பு போய்விடும், பிரேக் பிடித்ததும் பைக் சறுக்கும். காசு பொறுக்கப் பிள்ளைகள் வேறு குறுக்கே ஓடுகிறார்கள். ஓரமாகக் கோணி விரித்து அதன்மேல் உடைத்தால், அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம். கற்பூரத்தைத் தட்டில் ஏற்றி, பெட்ரோல் டேங்கை விட்டுத் தள்ளியே சுற்றுங்கள். கேஸ் ஆட்டோ என்றால் இன்னும் தள்ளி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சத்துவாச்சாரி