இதில் என்ன வருகிறது என்று கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

ராத்திரியில் கண் விழித்து விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்குச் சம்பளமில்லாமல் பிழை திருத்துகிறேனே, அதையே ஒரு பதிப்பகத்துக்குச் செய்து கொடுத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வருமே எனக் கேட்டிருந்தீர்கள். அக்கறையில்தான் கேட்டீர்கள், தெரியும். போனில் பதில் சொன்னால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பணம் பெரிதில்லை என்று பேசுகிற ஆள் நான் இல்லை. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனாலே எனக்குத் தூக்கம் போய்விடும். பணத்தை இளக்காரமாகப் பேசுவதற்கும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். பகல் வேலை அதற்காகத்தான். ராத்திரி வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. திரையில் ஒரு பாதி ஸ்கேன் செய்த பக்கம், மறு பாதி கணினி அதைப் படித்துத் தட்டிய எழுத்து. பழைய அச்சில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் கணினிக்கு வித்தியாசமே தெரியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் லை, ணை, னை எல்லாம் மேலே சுழித்த கொம்போடு நிற்கும். அங்கேயும் தடுமாறும். நான் ஒப்பிட்டுத் திருத்தி முடித்தால் அந்தப் பக்கத்தின் நிலை மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி பார்த்துச் சரி என்றால்தான் பச்சை. அவர் யார், எங்கே இருக்கிறார் என்று பெரும்பாலும் எனக்குத் தெரியாது.

சில நேரம் ஒரு சொல் மட்டும் ஒட்டாது. மை பரவியிருக்கும், அல்லது அச்சுக் கோத்தவரே தப்பு விட்டிருப்பார். பக்கத்தைப் பெரிதாக்கி, அகராதியைப் புரட்டி, அதே ஆசிரியர் வேறு இடத்தில் அந்தச் சொல்லை எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடுவேன். அரை மணி நேரம் ஓடிவிடும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் அந்த அரை மணி நேரம் நஷ்டம். என் கை தானாக அடுத்த பக்கத்தைத் திறந்துவிடும். இப்போது எங்கே நிறுத்துவது என்பதை அந்தச் சொல் முடிவு செய்கிறது. அப்போது கூலி முடிவு செய்யும். என் பயம் இதுதான்.

இது வெறும் மனப்பிரமை இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னக் குழந்தைகள். வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்தால், பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே யாராவது திடீரென்று எனக்கு ஒரு காசோலை அனுப்பினால் தாராளமாக வாங்கிக்கொள்வேன்.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்கு இசைதான் பிழைப்பு. தொலைநோக்கிக்கு வேண்டிய உலோகக் கண்ணாடியை வீட்டிலேயே தேய்த்துச் செய்தார். கையை எடுத்தால் மெருகு கெட்டுவிடும் என்று ஒருமுறை பதினாறு மணி நேரம் விடாமல் தேய்த்திருக்கிறார். தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று சாப்பாட்டை வாயில் ஊட்டினார். 1781-இல் யுரேனஸ் அவர் கண்ணில் பட்டது. 'பார், அதனால் அவருக்கு அரசர் சம்பளம் கொடுத்தாரே' என்பீர்கள். கொடுத்தார், வருடத்துக்கு 200 பவுண்டு. இசையில் சம்பாதித்ததைவிடக் குறைவு. ராத்திரி முழுக்க வானத்தைப் பார்க்கலாம் என்பதற்காக அதை ஏற்றுக்கொண்டார். குறையை ஈடுகட்டத் தொலைநோக்கி செய்து விற்கவும் வேண்டியிருந்தது. காசுக் கவலை அவரையும் விடவில்லை. ஆனால் எதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், நீங்கள் மட்டும் என்னவாம்? பரணில் கிடந்த வால்வு ரேடியோவைப் பிரித்துப் பூட்டிப் பாட வைத்தீர்கள். நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தபோது, இன்னும் வேலை பாக்கி என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அது அப்போதே நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. அண்ணியும் நானும் வாயைத் திறக்கவில்லை.

பகல் வேலைக்கு ஆபத்து வந்தால் காசுக்கும் பிழை திருத்துவேன், அதில் வெட்கம் இல்லை. விளம்பரம், கையேடு, ஆண்டறிக்கை, எது வந்தாலும் சரி. நீங்கள் சொன்ன அந்தப் பதிப்பகத்தின் எண்ணை அனுப்பி வையுங்கள், இருக்கட்டும். இந்தப் பழைய புத்தகங்களை மட்டும் அதில் சேர்க்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி